லைன் உபயோகத்தில் உள்ளது

இது கதையாக இருந்திருந்தால் முதலில் சந்தோஷப்படுகிறவன் நானாகத்தான் இருப்பேன். இல்லை. நடந்தது. நடந்த வீட்டில்தான் இன்னும் குடியிருக்கிறேன்.

பேய் என்றால் நடுராத்திரியும் நாய் ஊளையும் வேண்டும் என்று நினைப்பவர்கள் ஏமாந்துபோவீர்கள். எனக்கு நடந்ததெல்லாம் மாலை நான்கு மணிக்கு. வெளியே நல்ல வெயில். தெருவில் பிள்ளைகள் சைக்கிள் பழகிக்கொண்டிருப்பார்கள். எதிர்வீட்டு மாடியில் துணி காயும். அந்த வெளிச்சத்தில்தான் என் ஈரக்குலை நடுங்கியது. ராத்திரியில் பயந்தால் விளக்கைப் போட்டுக்கொள்ளலாம். பகலில் பயந்தால் எதைப் போட்டுக்கொள்வது?

என் தொழில் பல் செட் செய்வது. பல் டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள். நான் வீட்டிலேயே உட்கார்ந்து பல் கட்டிக் கொடுப்பேன். முன்னறை முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பிளாஸ்டர் தாடைகள் வாயைப் பிளந்துகொண்டிருக்கும். வருகிறவர்கள் ஒரு நிமிடம் திடுக்கிடுவார்கள். எனக்கு அதெல்லாம் பழகிவிட்டது. நான் சுலபத்தில் பயப்படுகிற ஆள் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

எனக்கு ஒரே அக்கா. அம்மா போனபிறகு என்னை வளர்த்தவள். வேலை பஸ் நிலையத்தில், மைக்கில் அறிவிப்பு சொல்வது. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு..." என்று அவள் குரல் வந்தால் ஓடுகிறவன் நிற்பான், நிற்கிறவன் ஓடுவான். அப்படி ஒரு கணீர்க் குரல். வீட்டிலும் அதே கதைதான். "சாப்பாடு இன்னும் சற்று நேரத்தில் புறப்படும். வாலு எங்கிருந்தாலும் உடனே வரவும்" என்பாள். வாலு என்பது நான். எனக்குத் தலை நரைத்தபிறகும் அவளுக்கு வாலுதான். அந்தப் பெயர் எங்கள் இரண்டு பேரைத் தவிர உலகத்தில் யாருக்கும் தெரியாது.

ஒருநாள் காலையில் காப்பி டம்ளர் அவள் கையிலிருந்து நழுவியது. பக்கவாதம். உயிர் தப்பியது. வலது கையும் காலும் போயின. பேச்சும் போனது. நாம் சொல்வது எல்லாம் புரியும். கண்ணில் பதில் இருக்கும். வாயில் வராது. மைக் பிடித்த அக்கா ஒரு வார்த்தைக்காகத் தொண்டையைப் பிசைந்துகொண்டு அழுதபோது நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

"முதல் சில மாசம்தான் முக்கியம்" என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். "அதுக்குள்ள பயிற்சி குடுத்தா பேச்சு திரும்பும். விட்டுட்டா அப்புறம் ரொம்பக் கஷ்டம்."

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் டாக்டரம்மா வேறு ஊரில் இருந்தார். வீடியோவில்தான் பயிற்சி. அவருக்கு இருந்த ஒரே காலி நேரம், தினமும் மாலை நான்கு மணி.

அக்காவின் சக்கர நாற்காலிக்காகப் படியில்லாத வீடாகத் தேடி இந்த வீட்டுக்கு வந்தோம். மூன்று அறைகள், ரயில் பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக. முன்னறை என் பட்டறை. நடுவில் சமையல். பின்னறை அக்காவுக்கு. சுவர்கள் கோட்டைச் சுவர் மாதிரி. வாசலுக்கு வந்தால்தான் செல்போனுக்கு டவரே கிடைக்கும். புதிய கேபிள் எதுவும் அந்தத் தெருவுக்கு வரவில்லை. பழைய டெலிபோன் கம்பி மட்டும் இருந்தது. அந்தக் கம்பி வழியாகவே பிராட்பேண்ட் இணைப்பு வாங்கினேன். கம்பி டெலிபோன் கம்பிதானே தவிர, வீட்டில் டெலிபோன் கிடையாது. இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் பயிற்சி. டேப்லெட்டை அக்காவின் மடியில் சாய்த்து வைத்தேன்.

"பயப்படாதீங்கம்மா" என்றார் டாக்டரம்மா. "யோசிச்சுப் பேசறது அப்புறம் வரட்டும். தானா வர்ற பேச்சு முதல்ல வரும். ஆயுசு பூரா நீங்க சொன்ன அறிவிப்பு உங்க நாக்குலயே ஊறிக் கிடக்கும். அதைப் புடிச்சு இழுப்போம். எங்கூட சொல்லுங்க... பயணிகளின்..."

அக்காவின் உதடு குவிந்தது. "ப்... ப..."

டொக்.

டாக்டரம்மாவின் முகம் வாயைத் திறந்தபடி அப்படியே உறைந்தது. ஓடிப்போய் மோடத்தைப் பார்த்தேன். பச்சை விளக்கு சிவப்பாகியிருந்தது. கால் மணி நேரம் கழித்துத் தானாக வந்தது. அதற்குள் டாக்டரம்மா அடுத்தவரைப் பார்க்கப் போய்விட்டார்.

மறுநாளும் நான்கு மணிக்கு அதே டொக். அடுத்த நாளும். காலையில் பார்த்தால் நன்றாக இருக்கும். ராத்திரி பார்த்தால் நன்றாக இருக்கும். நமக்கு வேண்டிய நேரத்தில் மட்டும் கழுத்தறுக்கும்.

கஸ்டமர் கேருக்குப் போன் செய்தேன். அந்த மாதம் நான் பல்லைக் கடித்த கடிக்கு, எனக்கே ஒரு செட் செய்துகொள்ள வேண்டியிருந்திருக்கும். வாசலில் வெயிலில் நின்றுகொண்டு ஒன்றை அழுத்தி, மூன்றை அழுத்தி, மறுபடி ஒன்றை அழுத்தி, பாட்டுக் கேட்டு, கடைசியில் ஒரு பெண் வருவாள்.

"மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்."

"பண்ணிட்டேம்மா."

"இன்னொரு தடவை பண்ணுங்க சார்."

அடுத்த நாள் வேறொரு பெண். நேற்று சொன்னதெல்லாம் அவளுக்குத் தெரியாது. மறுபடி ஆதியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

"வீட்டுல வேற யாராவது நெட் யூஸ் பண்றாங்களா சார்?"

"முன்ரூம்ல நாப்பது செட் பல்லு இருக்கு. அதுங்க பண்ணா உண்டு."

"சாரி சார், புரியலை. மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க."

மாலையில் செல்போனுக்குக் குறுஞ்செய்தி வரும். "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. லைன் உபயோகத்தில் உள்ளது. கோளாறு இல்லை." எந்தப் புகார் கொடுத்தாலும் இதே பதில். யார் உபயோகிக்கிறார்கள் என்று யோசிக்க அப்போது எனக்குத் தோன்றவில்லை. ஆத்திரம்தான் வந்தது. அக்காவின் நாட்கள் போய்க்கொண்டிருந்தன.

மூன்றாவது ஆள் ஒரு கரகரத்த குரல்காரர். அவர் மட்டும் கொஞ்சம் பொறுமையாகக் கேட்டார். "இருங்க, இங்கிருந்தே உங்க லைனை டெஸ்ட் பண்றேன்" என்றார். விசைப்பலகை தட்டும் சத்தம். பிறகு சிரித்தார்.

"சார், பிரச்சினை ஒண்ணுமில்ல. போனும் நெட்டும் ஒரே கம்பியில வருது. போனை எடுத்தா உங்களுக்கு நெட் கட்டாகும். அவ்வளவுதான்."

"எந்தப் போனு?"

"உங்க வீட்டுப் போன்தான். நாலு மணிக்கு யாரோ எடுத்திருக்காங்க. இன்னும் கீழ வைக்கல."

"எங்க வீட்டுல போனே கிடையாதுங்க."

"சார்... ரிசீவர் இப்பவும் எடுத்துதான் இருக்கு. போய் வெச்சிட்டு வாங்க."

நான் திரும்பி வீட்டுக்குள் பார்த்தேன். கதவு திறந்திருந்தது. மூன்று அறைகளும் நேராகத் தெரிந்தன. கடைசியில், பின்னறையில், அக்கா உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. சுவரோரம் இருந்த மர அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் இடது கை காதோரம் இருந்தது.

அடுத்த நாள் நான்கு மணிக்கு நான் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். அப்போதுதான் இரண்டு விஷயங்களைக் கவனித்தேன். ஒன்று, அந்த டொக் சத்தம் மோடத்திலிருந்து வரவில்லை. மோடம் நடு அறையில் இருந்தது. சத்தம் அலமாரிக்குப் பின்னால், தரைக்குப் பக்கத்திலிருந்து வந்தது. இன்னொன்று, சத்தம் வருவதற்கு முன்பே அக்கா அந்தப் பக்கம் திரும்பினாள். யாரோ அறைக்குள் வந்தால் திரும்புவோமே, அப்படி.

டொக்.

டாக்டரம்மா உறைந்தார்.

அக்கா வாயைத் திறந்தாள். "ஹலோ" என்றாள்.

நான் அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அவள் மடியில் தலையை வைத்து விம்மி விம்மி அழுதேன். அதுவரை ஓர் எழுத்தைத் தாண்டாத வாயில் முழு வார்த்தை! வாசலுக்கு ஓடி டாக்டரம்மாவைப் போனில் கூப்பிட்டேன். அவருக்கும் சந்தோஷம். "ஹலோதான் முதல்ல வரும். சொன்னேனில்ல, தானா வர்ற பேச்சு" என்றார். அந்தச் சந்தோஷத்தில் கரகரத்த குரல்காரரும் ரிசீவரும் எனக்கு மறந்தே போயின.

ஆனால் அந்த ஹலோ நான்கு மணிக்கு, லைன் கட்டானபிறகுதான் வந்தது. லைன் திரும்பி வந்தபிறகு நான் எவ்வளவு கெஞ்சினாலும் வரவில்லை. அப்போது அக்கா பழையபடி தொண்டையைப் பிடித்துக்கொண்டு தவிப்பாள். எதையோ சொல்ல வேண்டும் என்பதுபோல் என் சட்டையைப் பிடித்து இழுப்பாள். அலமாரியைக் காட்டுவாள். வேண்டாம் என்று தலையை ஆட்டுவாள்.

எனக்கு அது புரியவில்லை. பயிற்சி பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரம் பேச்சு வளர்ந்தது. "ஹலோ... ஹலோ... கேக்குதா?" என்றாள். பிறகு, "யாராவது வாங்களேன்..." என்றாள்.

குரல்தான் இடித்தது. அக்காவின் பேச்சு நறுக்குத் தெறித்த மாதிரி இருக்கும். இது இழுத்து இழுத்து வந்தது. மூச்சு முட்டியது. வயதான குரல். பக்கவாதம் வந்த தொண்டை அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை.

டொக்.

"பெரியவனே..." என்றாள் அக்கா. "பெரியவனே... நான் கீழ விழுந்துட்டேன்டா."

எங்கள் வீட்டில் பெரியவன் யாருமில்லை. நான் சின்னவன். அக்காவுக்குப் பிள்ளைகள் கிடையாது.

"அக்கா, நான் வாலு" என்றேன். என்னைத் தாண்டி அலமாரியைப் பார்த்தாள். கை காதோரம் இருந்தது.

அது வலது கை.

மூன்று மாதமாகத் துணியைப் போலத் தொங்கிய வலது கை. விரல்கள் எதையோ பிடித்த மாதிரி வளைந்திருந்தன. லைன் வந்தது. விளக்கு பச்சையானது. கை பொத்தென்று மடியில் விழுந்தது. அக்காவின் முகம் வேர்த்து ஊற்றியது. என் கையை இடது கையால் பிடித்தாள் பாருங்கள்... நகம் பதிந்த தழும்பு இன்னும் இருக்கிறது.

அன்றைக்குக் கஸ்டமர் கேரில் நான் கத்திய கத்தலுக்குத் தெருவே வெளியே வந்து பார்த்தது. "ஆளை அனுப்பறீங்களா, நான் அங்க வரட்டுமா?" என்று கேட்டேன். மறுநாளே லைன்மேன் வந்தார். ஐம்பது வயதிருக்கும். தோளில் ஏணி. இடுப்பில் இரண்டு கிளிப் வைத்த சோதனை ரிசீவர் தொங்கியது. நான் நடந்ததை எல்லாம் சொல்லவில்லை. நான்கு மணிக்கு லைன் போகிறது என்று மட்டும் சொன்னேன்.

வாசலிலேயே நின்று வீட்டை மேலும் கீழும் பார்த்தார்.

"இந்த வீடா?" என்றார்.

"ஏன்?"

"ஒண்ணுமில்ல சார். பழைய வீடு. உள்ள பேரலல் லைன் இருக்கும். ஒரே லைன்ல இன்னொரு ரூமுக்கும் போன் இழுப்பாங்கல்ல, அது. அந்தக் கம்பி எங்கயாவது உரசுதோ என்னவோ."

கேட்டதும் உயிர் வந்தது. கம்பி உரசுகிறது! எவ்வளவு நல்ல வார்த்தை!

பின்னறை அலமாரியை இரண்டு பேருமாக நகர்த்தினோம். பின்னால், தரையை ஒட்டி, சுண்ணாம்புக்குள் பாதி புதைந்து ஒரு சின்னப் பெட்டி. அதிலிருந்து இரண்டு கம்பி முனைகள் நீட்டிக்கொண்டிருந்தன. எதிலும் சேரவில்லை. எதையும் உரசவில்லை. சுற்றிலும் ஒட்டடை கலையாமல் இருந்தது.

லைன்மேன் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவின் மடியில் டேப்லெட்டில் டாக்டரம்மா ஏற்கெனவே வந்துவிட்டிருந்தார். அலமாரி நகர்த்திய மும்முரத்தில் மணி நான்கு ஆவதை நான் கவனிக்கவில்லை.

டொக்.

எங்கள் கண் முன்னால். வெறும் கம்பி முனையில்.

"பெரியவனே..." என்றாள் அக்கா, முதுகுக்குப் பின்னால்.

லைன்மேன் கையிலிருந்த திருப்புளி தரையில் உருண்டது.

"உங்க வீட்டுல... யாரு சார் பெரியவன்?"

"யாருமில்ல."

திருப்புளியை எடுத்துக்கொண்டார். "கட் பண்ணிடலாம் சார். வெளிய கம்பத்துலயே இந்த ரூமுக்கு வர்ற கம்பியைக் கட் பண்ணிட்டா முடிஞ்சுது. லைன் அப்புறம் போகவே போகாது."

"பண்ணுங்க" என்றேன். "உடனே பண்ணுங்க." எனக்கு வேண்டியது ஒன்றுதான். அக்காவுக்குப் பயிற்சி தடைபடக்கூடாது. அவள் குரல் திரும்ப வேண்டும்.

கம்பத்துப் பெட்டியில் பத்திருபது கம்பிகள் இருக்குமாம். எது இந்த அறைக்கு வருவது என்று கண்டுபிடிக்க வேண்டும். சோதனை ரிசீவரை என் கையில் கொடுத்தார். "இந்தக் கிளிப்பு ரெண்டையும் அந்த முனையில மாட்டி காதுல வெச்சுக்குங்க. நான் மேல ஒவ்வொரு கம்பியாத் தட்டுவேன். உங்களுக்குக் கர்ருனு கேட்டா 'வருது'ன்னு சத்தம் போடுங்க. வெட்டிடறேன்."

கம்பம் பின்னறை ஜன்னலுக்கு வெளியேதான். ஏணியில் அவர் ஏறுவது தெரிந்தது. கடைசியில் ஜன்னலில் அவருடைய இரண்டு செருப்புகள் மட்டும் தெரிந்தன.

நான் தரையில் உட்கார்ந்து கிளிப்பை மாட்டினேன். ரிசீவரைக் காதில் வைத்தேன்.

ஒன்றுமில்லை.

எதிரே அக்கா. வலது கை காதில். உதடு அசைந்துகொண்டே இருந்தது. "பெரியவனே... லைன்ல இருக்கியாடா..."

ஒன்றுமில்லை...

கர்ர்.

"வருது!" என்று கத்தினேன்.

கத்தி முடித்த அதே நொடியில் ரிசீவருக்குள் யாரோ மூச்சு விட்டார்கள்.

பிறகு குரல்.

கணீரென்ற குரல்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு..."

நிமிர்ந்து பார்த்தேன். எதிரே அக்காவின் உதடுகள் வேறு எதையோ சொல்லிக்கொண்டிருந்தன.

"பயணிகளின்... வாலு... வாலு, கேக்குதாடா? நான் இங்க இருக்கேன். இது யாருன்னு தெரியலடா என் உடம்புல... வாலு, வெட்டச் சொல்லாத..."

"வேண்டாம்!" என்று அலறினேன். "வேண்டாம்! வெட்டாதீங்க!"

ஜன்னலில் செருப்புகள் லேசாக எம்பின.

டொக்.

ரிசீவர் செத்துப்போனது.

நடு அறையில் விளக்கு பச்சையானது. மடியில் இருந்த டேப்லெட்டில் டாக்டரம்மா உயிர்பெற்றார். "ஹலோ? அம்மா? தெரியறேனா?"

அக்கா காதிலிருந்து கையை எடுத்தாள். வலது கை. அது கீழே விழவில்லை. நிதானமாக வந்து என் தலையைத் தடவியது.

"ஏன்டா பெரியவனே, தரையில உக்காந்திருக்க?" என்றாள்.

வெட்டிய கம்பியை அன்றே சேர்க்கச் சொன்னேன். லைன்மேன் மறுபடி ஏறிச் சேர்த்தார். ரிசீவரில் டயல் டோன் மட்டும் வந்தது. பொழுது சாய்ந்து இருட்டும்வரை அக்கா, அக்கா என்று அதற்குள் கத்திக்கொண்டிருந்தேன். டயல் டோன்தான்.

அதற்குப் பிறகு லைன் ஒரு தடவைகூடப் போகவில்லை. செய்தி வந்தது. "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. எங்கள் சேவை எப்படி இருந்தது?"

அக்கா பேசுகிறாள். நன்றாகப் பேசுகிறாள். டாக்டரம்மா தன் அனுபவத்திலேயே இப்படி ஒரு முன்னேற்றத்தைப் பார்த்ததில்லையாம். பார்க்க வருகிறவர்கள் என் கையைப் பிடித்து, "உன் உழைப்புக்குப் பலன் கெடைச்சுதுப்பா" என்கிறார்கள். நான் தலையாட்டுகிறேன். ஒருநாள் அவள் எதிரே உட்கார்ந்து, "பயணிகளின் கனிவான..." என்று ஆரம்பித்துப் பார்த்தேன். புரியாமல் சிரித்தாள். "எந்தப் பயணிங்கடா?" என்றாள்.

நான்கு மணி ஆனால் மட்டும் பேச்சை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்ப்பாள்.

சில வாரம் கழித்து லைன்மேன் தானாகவே வந்தார். முன்னறையில் என் பிளாஸ்டர் தாடைகளுக்கு நடுவில் உட்கார்ந்தார்.

"இந்த வீட்டுல முன்னாடி இருந்த அம்மாவுக்கு ரெண்டு பசங்க சார்" என்றார். "பெரியவன் வெளிநாடு. தினம் சாயங்காலம் நாலு மணிக்கு அம்மாவுக்குப் போன் பண்ணுவாராம். ஒருநாள் லைன் எங்கேஜ்டாவே இருக்குன்னு அங்கிருந்து புகார் குடுத்தாரு. நான் அப்ப எக்ஸ்சேஞ்சுல டெஸ்ட் மேசையில வேலை."

"என்ன பண்ணீங்க?"

"எங்களுக்கு ஒரு ரூல் உண்டு சார். டெஸ்ட் பண்றதுக்கு முன்னாடி லைன்ல காதை வெச்சுப் பார்க்கணும். யாராவது பேசிட்டிருந்தா உடனே வெச்சிடணும். அடுத்தவங்க பேச்சைக் கேக்கக்கூடாது. நான் வெச்சுப் பார்த்தேன். ஒரு அம்மா பேசிட்டிருந்தாங்க. 'பெரியவனே, கீழ விழுந்துட்டேன்'னு..."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பையன்கிட்டதான் பேசறாங்கன்னு நெனச்சேன் சார். ரூல்படி வெச்சிட்டேன். லைன் உபயோகத்தில் உள்ளது, கோளாறு இல்லைன்னு எழுதி முடிச்சிட்டேன். அவரு தினம் புகார் குடுத்தாரு. நான் தினம் காதை வெச்சேன். தினம் அந்தம்மா பேசிட்டுதான் இருந்தாங்க."

"அப்புறம்?"

"கதவை உடைச்சுப் பார்த்தப்போ அந்தப் பெட்டிகிட்டதான் கிடந்தாங்க. கையில ரிசீவர். டாக்டர் சொன்னாரு... விழுந்த அன்னிக்கே உயிர் போயிருச்சாம்."

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

நேற்று அதே லைன்மேனிடமிருந்து போன் வந்தது. டவருக்காக வாசலுக்கு வந்து எடுத்தேன்.

"சார், அடுத்த தெருவுல ஒரு வீடு. ஒரு வாரமா நெட் நிக்கலன்னு புகார். கம்பத்துல ஏறிக் காதை வெச்சேன். ஒரு அம்மா பஸ் அறிவிப்பு சொல்றாங்க சார். நடுநடுவுல வாலு, வாலுன்னு யாரையோ கூப்பிடறாங்க. உங்க அக்கா பஸ் ஸ்டாண்டுலதானே..."

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"இந்தத் தடவை நான் வைக்கல சார். ரூலாவது மண்ணாவது. பிடிச்சுட்டுதான் நிக்கறேன். சீக்கிரம் வாங்க... குரல் குறைஞ்சுட்டே போகுது."

கிளம்ப ஒரு அடி எடுத்து வைத்தேன்.

"யாரு போன்ல, பெரியவனே?"

குரல் பின்னறையிலிருந்து வரவில்லை. என் முதுகுக்கு நேர் பின்னாலிருந்து வந்தது. நடக்கவே முடியாத கால்களோடு, வாசல்வரை வந்து நின்றுகொண்டிருந்தாள்.

அவள் வலது கை மெல்ல நீண்டு, என் கையிலிருந்த போனைப் பிடித்தது.

"வெச்சிடுடா" என்றாள்.